செபமாலையின் நான்கு நிமிடங்கள்

குருநகரில் பார்வையற்றோருக்குக் கணினி கற்பிக்கும் எங்கள் நிலையத்துக்கு ஆறு மடிக்கணினிகள் வந்தன. குரல் பதிவுக்கு எந்த மென்பொருளைப் போடுவது என்ற முடிவை என்னிடம் விட்டார்கள். எனக்கும் கண் தெரியாது. ஆனால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. பெரிய மென்பொருளையே போட்டேன். அதன் அறுபது குறுக்குவிசைகளும் எனக்கு மனப்பாடம். வேண்டாததை வெட்டலாம், இரைச்சலை நீக்கலாம். இன்னொரு சிறிய மென்பொருளும் இருந்தது. பதியவும் நிறுத்தவும் ஒரே விசைதான். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

யோசப்பின் என்ற அக்கா வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம். நீரிழிவில் பார்வை போனவர். கடற்றொழில் செய்த அவருடைய கணவர் செபமாலைக்குத் தொண்டையில் புற்றுநோய். வெள்ளிக்கிழமை குரல்வளையை எடுக்கப்போகிறார்கள்.

"அவரின்ரை முகம் எனக்குப் போய் ரெண்டு வருசம், ரீச்சர். இப்ப குரலும் போகப்போகுது. அதையாவது பிடிச்சு வைக்கவேணும்."

புதன்கிழமை ஒரு மடிக்கணினியைக் கொடுத்தனுப்பினேன்.

வியாழன் காலை அக்கா வந்து பதிவைப் போட்டுக் காட்டினார். முப்பத்தைந்து நிமிடம். திரையை வாசிக்கும் இயந்திரக் குரல் 'பதிவு தொடங்கியது' என்றது. பிறகு ஒன்றுமே இல்லை. ஒலிவாங்கியை விட்டுவிட்டு, கணினிக்குள் எழும் ஒலியை மட்டும் பதியும்படி ஒரு பாடத்துக்காக மாற்றிவைத்தவள் நான்தான். திருப்பி மாற்ற மறந்திருந்தேன்.

"கலியாணம் பேசின கதையிலையிருந்து எல்லாம் சொன்னவர்" என்றார் அக்கா. என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நான் ஒதுக்கிய அந்த மென்பொருளைப் போட்டுக்கொண்டு, அவரோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்காவே விசையை அழுத்தினார். 'பீப்' என்றது.

செபமாலை அண்ணையின் குரல் தேய்ந்திருந்தது. "நேற்றையான் கதையெல்லாம் திருப்பிச் சொல்ல ஏலாது. என்னத்தைக் கதைக்கிறது?"

"என்னத்தையெண்டாலும் கதையுங்கோ. என்னை ஏசுங்கோ" என்றார் அக்கா.

"நீரிழிவுக்குப் போடுற குளிசையை மறந்துபோடாதை. கிணத்தடி வழுக்கும், தனியப் போகாதை. கேக்குதோ, யோசப்பின்?"

வார்த்தைக்கு வார்த்தை இருமல் வந்தது. நான்கு நிமிடத்தில் களைத்துப்போனார். அக்கா மறுபடி அழுத்தினார். இரண்டு 'பீப்'. போட்டுப் பார்த்தோம், அத்தனையும் இருந்தது.

சனிக்கிழமை ஆறு மடிக்கணினிகளிலிருந்தும் பெரிய மென்பொருளை நீக்கினேன். என் சொந்தக் கணினியில் மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த அளவு தலைக்கனம் இன்னும் மிச்சமிருந்தது.

அடுத்த வாரம் அக்கா வகுப்புக்கு வந்தார். கணவர் தேறிவருகிறாராம், கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறாராம். செய்த பிழைக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது.

"அந்தப் பதிவைத் தாங்கோ அக்கா. இருமல் எல்லாத்தையும் வெட்டி, துப்பரவாக்கித் தாறன்."

அவர் மடிக்கணினியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டது கேட்டது.

"வேண்டாம் ரீச்சர். இருமினதும் அவர்தானே."