ஐந்தாம் அடுக்கின் கடற்காகங்கள்

குளிர்காலத்தில் போர்ட் கெம்ப்ளா துறைமுகத்தின் கடற்காகங்களுக்குக் கடல் பிடிக்காது. எஃகுப் பாளங்கள் அடுக்கிக் கிடக்கும் ஆலை முற்றம்தான் பிடிக்கும். ஓரளவு ஆறிய அடுக்காகப் பார்த்து உட்கார்ந்து காலைச் சூடேற்றிக்கொள்ளும். வார்த்தபோது இருந்த சிவப்பு போய்விட்டால் எல்லாப் பாளமும் ஒரே கறுப்புதான். எது சூடு, எது ஆறியது என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது.

கிரேன் ஓட்டும் ஸ்லாவிட்சா இவற்றை மேலிருந்து தினமும் பார்ப்பாள். வழக்கமாக நாலாம் அடுக்கில் இருக்கும். இன்று ஐந்தாவதில் மொய்த்துக்கொண்டிருந்தன. அது வார்த்து ஒரு வாரமான அடுக்கு, சில்லிட்டுப் போயிருக்க வேண்டியது. இப்போது கப்பலுக்குப் போகிறது. கப்பலின் அடியில் பாளங்களை மரக்கட்டை மேல்தான் அடுக்குவார்கள்; சூடான ஒன்று போனாலும் தீப்பிடிக்கும்.

ஆறிய அடுக்கில் பறவைகள் ஏன்?

வெள்ளிக்கிழமை அவளுடைய சோதனைக் காலம் முடிகிறது. ஏற்கெனவே ஒருமுறை காரணமில்லாமல் வேலையை நிறுத்தியிருந்தாள். இன்னொரு தடவை நிறுத்தினால் நிரந்தரம் கிடையாது என்று மேஸ்திரி மெர்வ் சொல்லிவிட்டார்.

வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"மெர்வ், அஞ்சாவதுல பறவைங்க உக்காந்திருக்கு."

"டீ வேணுமான்னு கேளு."

"அது ஆறின அடுக்கு."

"மகாராணி, கப்பல்காரன் என் கழுத்துல உக்காந்திருக்கான். தூக்கு."

"தூக்க மாட்டேன். தண்ணி ஊத்திப் பாருங்க."

"வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

மெர்வ் திட்டிக்கொண்டே ஏணியில் ஏறினார். பறவைகள் கத்திக்கொண்டு கிளம்பின. பிளாஸ்கில் இருந்த டீயை மேல் பாளத்தில் கவிழ்த்தார். டீ சும்மா தேங்கி நின்றது.

"பாத்தியா? கெடக்குது."

ஸ்லாவிட்சா கிரேன் அறையின் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்தாள். தேங்கிய டீ ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் எப்படி?

"கீழ இருக்குற பாளத்தோட விளிம்புல ஊத்துங்க."

மிச்சத்தை ஊற்றினார். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. மெர்வ் ஏணியிலிருந்து பாதி விழுந்து, பாதி குதித்து இறங்கினார்.

"எந்த முட்டாள் இதை இங்க வெச்சது?"

முற்றத்தில் இருப்பது ஒரே கிரேன். காலையில் மூடுபனிக்குள் சூடான பாளங்களை ஆறாம் அடுக்கில் இறக்கினாள். அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒன்றை மட்டும் ஓர் அடுக்கு தள்ளி இறக்கி, அதன்மேல் பழைய பாளத்தையும் வைத்து மூடியிருக்கிறாள்.

"நான்தான்."

மெர்வ் கிரேனை அண்ணாந்து பார்த்தார்.

"நீயே வெச்சு நீயே கண்டுபிடிச்சியா?"

"பறவைங்க கண்டுபிடிச்சுது."

"அப்ப அதுங்களுக்கு நிரந்தரம் குடுத்துடலாம். உனக்கு இன்னும் ஒரு மாசம் சோதனை. எடுத்து ஆறாவதுல வை."

வைத்தாள். கடற்காகங்கள் ஐந்தாவதற்கே திரும்பி வந்தன; அங்கே இன்னும் சூடு மிச்சமிருந்தது. ஒன்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மறு காலை பாளத்தில் பதித்து நின்றது. அது எப்போது கிளம்பும் என்று ஸ்லாவிட்சா பார்த்துக்கொண்டிருந்தாள். அது கிளம்பும்வரை அந்த அடுக்கில் அவள் கொக்கியை இறக்கவில்லை.