தெரிந்தே ஏறினீரா?

1

எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஏணியை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அந்தக் காலத்தில் விழுந்தவர்கள் யாரிடம் போய் நியாயம் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்காதே!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, அம்பாசமுத்திரம். நெல் வியாபாரி பூதலிங்கம் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த பிச்சைக்கண்ணு என்பவன் ஏணியிலிருந்து தவறி

(இப்படித் தொடங்கினால் விழுந்ததே அவன் குற்றம் போலிருக்கிறது. அடித்துவிட்டேன். 'அவன்' என்பதையும் 'அவர்' ஆக்கிவிட்டேன். காலொடிந்த மனுஷனுக்கு இந்த மரியாதையாவது வேண்டாமா?)

பூதலிங்கம் கொடுத்த மூங்கில் ஏணியின் படி முறிந்து, பிச்சைக்கண்ணுவின் கால் ஒடிந்தது. இது பரவாயில்லை.

2

நஷ்டஈடு கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். மனைவி அன்னத்தாய் அவரை மாட்டுவண்டியில் படுக்கவைத்து வக்கீல் ஜெபசீலன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வக்கீல் வண்டியருகே வந்து நின்றார்.

"படியில கீறல் இருந்தது உமக்குத் தெரியுமா வே?"

"தெரியும்யா. நாந்தானே கயிறு வச்சுக் கட்டினேன். யாரும் பாக்கல."

"தெரிஞ்சேவா ஏறினீரு?"

"'ஏலே, ஏறுதியா, வேற ஆளக் கூப்பிடட்டா'ன்னு மொதலாளி கேட்டாரு. ஏறிட்டேன்."

"கோர்ட்டுல அதுக்குப் பேரு சம்மதம். சம்மதிச்சவனுக்கு நஷ்டஈடு கிடையாது."

பிச்சைக்கண்ணுவுக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. "சம்மதம்னா, பொண்ணு வீட்டுல கேப்பாகளே, அதாய்யா?"

(இந்த இடத்தில் அவரைப் பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். "கீறலை நான் பாக்கலய்யா" என்று ஒரே ஒரு வரி. வழக்கு ஜெயித்திருக்கும். அவர் வாயில் அது ஒட்டவில்லை. ஏணியைப் பார்க்காமல் ஏறினான் என்று ஊர் பேசுவதைவிடக் கால் போனதே மேல் என்று நினைக்கிற ஆள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.)

3

வக்கீல் அன்னத்தாயைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "செத்தவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு குடுக்கன்னு பழைய சட்டம் ஒண்ணு இருக்கும்மா. அப்ப, தெரிஞ்சுதான் ஏறினேன்னு கூண்டுல ஏறிச் சொல்ல ஆளிருக்காது பாத்தியா."

"அப்ப உசுரோட இருக்கதுதான் தப்பாய்யா?"

"நான் அப்படிச் சொல்லலை." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

(அவர் சொன்னது சரிதான். காயம்பட்டுப் பிழைத்த தொழிலாளிக்கென்று தனிச் சட்டம் வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை பிச்சைக்கண்ணுவை எங்கே உட்கார வைப்பேன்?)

4

முடிவு என் கையில் இருக்கிறது என்பதுதான் தொந்தரவு. ஒடிந்த இடத்துப் புண்ணில் சீழ் வைத்தால் போதும். காய்ச்சல் வரும், அப்புறம் வழக்கு ஜெயிக்கும். எழுதியும் பார்த்தேன்:

புண் புரையோடியது. காய்ச்சல் ஏறியது. பிச்சைக்கண்ணு

அதற்குள் அன்னத்தாய் வண்டியில் ஏறிவிட்டாள். புருஷன் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

"ஏதும் வழி இருக்காமா?" என்று பிச்சைக்கண்ணு கேட்டார்.

"ஒரு வழியும் இல்லையாம். பைய வீட்டுக்குப் போவோம்."

அவருக்கு வராத பொய் அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! எனக்கு இதற்கு மேல் ஓடவில்லை. காய்ச்சலைத் தணித்தால் அடுப்பு எரியாது, ஏற்றினால் எரியும். இந்தாருங்கள் பேனா, நீங்களே எழுதுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவள் இன்னும் அவர் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.