அழுமூஞ்சிப் பட்டியல்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அறிவிப்புப் பலகையிலிருந்து பரிசுச் சான்றிதழ் வரை பள்ளியில் எழுத வேண்டிய எல்லாவற்றையும் என் தலையில்தான் கட்டுவார்கள். பந்தை உதைக்கச் சொல்லித்தரும் டீச்சருக்கு எதற்கு இப்படி முத்து முத்தான எழுத்து என்று எங்கள் தலைமையாசிரியை கேலி செய்வார். அந்த எழுத்தை வைத்தே ஒருவர் என் கழுத்தை அறுப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் விசில் அண்ணன்.

மாகாணப் பள்ளி விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் அவர். கல்யாண வீட்டுக்கும் கழுத்தில் விசிலோடு வருவதால் அந்தப் பெயர். 'அவர்' என்று மரியாதையாக எழுத இப்போது கை கூசுகிறது. பதினான்கு வருடப் பழக்கம், விட மாட்டேன் என்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மாவட்டப் போட்டி அன்று காலையில் மழை கொட்டி ஓடுபாதைக் கோடெல்லாம் கரைந்துபோனது. மற்ற மாஸ்டர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நானும் மேற்பார்வைக்கு வந்திருந்த அவரும் மட்டும் முட்டி போட்டு, சுண்ணாம்பை வாளியில் கரைத்து, எட்டுப் பாதைக்கும் திரும்பக் கோடு போட்டோம். எழுந்தபோது இரண்டு பேருக்கும் முகமெல்லாம் வெள்ளை. அன்றைக்கு அண்ணே என்று கூப்பிட்டதுதான். அவர் மனைவி எனக்கு அண்ணியானார். அவர் மகள் என்னை அத்தை என்பாள். கோடை விடுமுறைக்குப் போனால் தலைநகரில் அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒரு தலையணை இருக்கும்.

அந்தக் காலத்தில் மாகாணப் போட்டி என்றால் தலைநகர் ஸ்டேடியம்தான். தலைநகரப் பிள்ளைகள் ஓடுவார்கள், தலைநகரப் பெற்றோர் கைதட்டுவார்கள். எங்களைப் போன்ற கடைக்கோடிப் பிள்ளைகள் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போய், வாந்தி எடுத்துவிட்டு, ஓடி, தோற்றுத் திரும்புவார்கள். அண்ணனும் நானும் சேர்ந்து அதை மாற்றினோம். போட்டி வருடத்துக்கு ஒரு மாவட்டமாகச் சுற்றி வர வேண்டும் என்று விதி கொண்டுவந்தோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாவட்டத்துக்கு ஒருவர், நடத்துகிற மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு பேர் என்று இன்னொரு விதி. அவர் சொல்லச் சொல்ல இரண்டையும் எழுதியது நான்தான்.

விதி வந்தால் போதுமா, மைதானம் வேண்டாமா? கல்வி அலுவலகத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் கேட்டால் அரைக் குழாய்கூட வராது. அதற்கு அண்ணன் கண்டுபிடித்த வழிதான் அழுமூஞ்சிப் பட்டியல். போட்டியை நடத்தப்போகும் பள்ளி, தன் மைதானத்தில் உள்ள குறைகளை ஒன்றுக்கு ஒன்பதாகக் கூட்டி எழுதிச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். படிக்கிற அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீர் வர வேண்டும். அண்ணன் அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவார், கெஞ்சுவார், ஒப்புதல் வாங்குவார். பிறகு பட்டியலை எழுதியவரிடமே திருப்பித் தருவார். நாங்கள் சிரித்துக்கொண்டே கிழித்துப் போடுவோம். உப்பளப் பள்ளியில் பெண் பிள்ளைகள் உடை மாற்றும் அறை அப்படி வந்தது. மலைப் பள்ளிக்கு மைதானத்தைச் சமப்படுத்தும் ரோலர் அப்படி வந்தது. போகப் போக, போட்டி நடத்தாத சின்னப் பள்ளிகளும் இப்படியே எழுதிக் கேட்க ஆரம்பித்தன. பொய்தான், மறுக்கவில்லை. அந்தப் பொய்யால் ஒரு பிள்ளைக்கும் கெடுதல் வந்ததில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

இந்த வருடம் எங்கள் முறை. பதினோரு வருடம் காத்திருந்து வந்தது.

எங்கள் மைதானம் அதுவரை வெறும் கல்லாங்காடு. பிள்ளைகள் எட்டு மாதம், தினமும் கடைசி வகுப்பு நேரத்தில், வாளியோடு வரிசையாக நடந்து கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய கல்லை வைத்தே மேற்குப் பக்கம் பார்வையாளர் உட்கார நான்கு படி கட்டினோம். கடைசி மாதம் நான் வெறுங்காலோடு நானூறு மீட்டரும் நடந்து பார்த்தேன். ஒன்றுகூடக் குத்தவில்லை.

வாளி தூக்கியவர்களில் முதல் ஆள் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக, ஒல்லியாக இருப்பதால் வகுப்பே வைத்த பெயர். அவளுக்கும் அதில் கோபம் இல்லை. எண்ணூறு மீட்டர் ஓடுவாள். மாவட்டப் போட்டியில் அரை அடி வித்தியாசத்தில் இரண்டாவது வந்தாள். வேறெங்கே போட்டி நடந்தாலும் இரண்டாவது வந்தவளுக்கு இடம் கிடையாது. எங்கள் மைதானத்தில் நடந்தால் உண்டு. அவளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். மாகாணப் போட்டியில் ஓடியவர்களைத்தான் விளையாட்டுக் கல்லூரி தேர்வுக்கே அழைக்கும்.

"நான் ஓடுவேனா டீச்சர்?" என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பாள்.

"ஓடுவடி. உனக்கு இடம் இருக்கு" என்பேன்.

போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அண்ணன் போன் செய்தார். "அம்மா, உன் அழுமூஞ்சிப் பட்டியல் இன்னும் வரலையே?"

"எங்களுக்குக் குறையே இல்லண்ணே. ஒரு குழாயும் டாய்லெட்டுக்கு ஒரு கதவும்தான் வேணும்."

"குழாய்னு எழுதினா குழாய் வருமா? நீ என்ன புதுசா? நல்லா கூட்டி எழுது. கல்லு, குழி, பிள்ளைங்களுக்கு ஆபத்து, எல்லாம் போடு. உன் எழுத்தைப் பாத்தா யாராயிருந்தாலும் நம்புவாங்க."

நான் கெட்டிக்காரி அல்லவா, உட்கார்ந்து எழுதினேன். ஓடுபாதை முழுவதும் கூரிய கற்கள். இரண்டு வளைவுகளும் அளவு தவறியவை. விழுந்தால் மாணவியர் கால் முறியும் அபாயம். ஏழு குறைகள். எழுதும்போது சிரிப்புகூட வந்தது. கீழே கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்தி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்துத் தலைநகரில் கூட்டம். கல்வி அலுவலகத்தின் மாடி அறை. தலைக்கு மேலே டிக் டிக் என்று சத்தம் போடும் மின்விசிறி, நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு மாவட்ட மாஸ்டர்கள். அண்ணன் என்னைப் பார்த்து வழக்கம்போல் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

ஆறாவது விஷயம் வந்தபோது கழகத் தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, இந்த வருடம்தான் பதவிக்கு வந்தவர். எங்கள் வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருந்த தாளைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். ஏழு குறைகளையும் அவர் சத்தமாக வாசித்தார். அந்த அறையில் கேட்டபோது எனக்கே பயமாக இருந்தது.

"செயலாளர் இதைக் குழு முன்னால வச்சிருக்காரு" என்றார் தலைவர். "பிள்ளைங்க பாதுகாப்புதான் முக்கியம், போட்டியைத் தலைநகர் ஸ்டேடியத்துக்கு மாத்தணும்னு கேக்கறாரு. ஏம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"எழுதியிருக்கறது உண்மைதானே?" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தாளில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்திருந்தார். உப்பள மாஸ்டரைப் பார்த்தேன். மலை மாஸ்டரைப் பார்த்தேன். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை. பொய் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் மற்ற பட்டியல்கள்? பதினோரு வருடப் பட்டியல்கள்? கீழே அதே அலுவலகத்தில் இன்னும் ஏழு சின்னப் பள்ளிகளின் பட்டியல் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. நான் வாயைத் திறந்தால் அத்தனையும் குப்பைக்குப் போகும். இதை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவர் என் தாளை அங்கே வைத்திருந்தார். என் விரலை எடுத்து என் கண்ணையே குத்தினார்.

"உண்மைதான் சார்" என்றேன்.

இடம் மாறியது. ஒருவரும் எதிர்க்கவில்லை.

இடைவேளையில் தாழ்வாரக் குழாயடியில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, எழுதச் சொன்னது நீங்க."

"மெதுவா பேசும்மா."

"எதுக்குப் பண்ணீங்க?"

விசிலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டேடியம் தலைநகரில். நடத்துகிற மாவட்டம் தலைநகர். அவர்களுக்கு இரண்டு பேர்.

"உங்க மாவட்டத்துல எண்ணூறு மீட்டர்ல ரெண்டாவது வந்தது யாரு?"

"அவளுக்கும் கடைசி வருஷம்தாம்மா" என்றார். "நீதானே சொன்ன, இவளுக்கு எண்ணூறு வரும்னு. நீதானே ஒரு லீவு முழுக்க ஓட வச்ச."

ஆமாம், ஓடவைத்தேன். அத்தை அத்தை என்று என் பின்னாலேயே வந்த குழந்தை. மூச்சை எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டா விட்டுக்குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

அதைக் கேட்டதும் அடித்துவிடலாமா என்றிருந்தது. அழுகைதான் வந்தது, அதுவும் அவர் முன்னால். "பட்டியலைத் திருப்பிக் குடுங்க" என்றேன். "வேலை முடிஞ்சா எழுதினவங்ககிட்டயே குடுக்கறதுதானே வழக்கம்?"

"அது ஃபைல்ல சேந்துடுச்சும்மா. சுற்றறிக்கையோட எல்லாப் பள்ளிக்கும் இன்னைக்கே மெயில்ல நகல் போகுது. காரணம் காட்டணும்ல?" என்றவர், பழக்க தோஷத்தில், "அண்ணி உன்னைச் சாப்பிட வரச் சொன்னா" என்றார்.

நான் நேராகப் பஸ் நிலையத்துக்குப் போனேன்.

மறுநாள் மதியம்தான் பள்ளிக்கு வர முடிந்தது. வாசலிலேயே அறிவிப்புப் பலகை. சுற்றறிக்கை வந்தால் ஒட்ட வேண்டும் என்பது விதி, எழுத்தர் ஒட்டிவிட்டார். தட்டச்சு செய்த ஒரு பக்கம், அதற்குப் பக்கத்தில் என் முத்து முத்தான எழுத்தில் ஏழு குறைகள். பலகையில் என் எழுத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், இது யார் எழுதியது என்று ஒருவரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் மைதானத்துக்குப் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மதிய உணவு நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் ஓடுபாதையின் குறுக்கே தோளோடு தோள் வரிசையாகக் குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் வாளி. நடுவில் எல்லோரையும்விட நெட்டையாக ஒட்டடை.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"நாலு சுத்து தேடிட்டோம் டீச்சர். ஒண்ணுமே கிடைக்கல. எங்க இருக்குன்னு நீங்க காட்டினா பொறுக்கிடுவோம்."

நான் அவள் கையிலிருந்த வாளிக்குள் பார்த்தேன்.

"இன்னும் மூணு வாரம் இருக்குல்ல டீச்சர்? எல்லாக் கல்லையும் எடுத்தாச்சுன்னு நீங்க இன்னொரு லெட்டர் எழுதுங்க. திரும்ப இங்கயே வச்சிடுவாங்க. உங்க எழுத்துன்னா நம்புவாங்க டீச்சர்."

மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். வியர்வை, புழுதி, காலி வாளி. நேற்று அந்த அறையில் விழுங்கியதை இவர்கள் முன்னால் விழுங்க என்னால் முடியவில்லை.

"கல்லே இல்லம்மா" என்றேன். "நீங்க எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. டீச்சர் பொய் எழுதிட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. ஒட்டடைக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எதுக்கு டீச்சர்?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுதான் உண்மை. குழாய்க்காக, கதவுக்காக, நீ ஓடும்போது உன் அம்மா வந்து அந்தப் படியில் உட்கார்ந்து பார்ப்பதற்காக. ஆனால் விசில் அண்ணனும் நேற்று வீட்டுக்குப் போய்த் தன் மகளிடம் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

"அப்ப நான் ஓடுவேன்னு சொன்னீங்களே டீச்சர்? அது?"

"அதைப் பொய்யா சொல்லலம்மா."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த அதே பார்வை. பிறகு குனிந்து வாளியை எடுத்தாள். காலி வாளிதான். இருந்தும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் விழவில்லை என்று என்னிடம் காட்டினாள். மணி அடித்தது. வகுப்புக்குப் போனாள்.