தண்ணீர் விலகிய இடம்

ஃப்ரிட்ஜ் கதவுக்கான தகடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் என் வேலை தண்ணீர் தெளிப்பது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நான் தலையாட்டாமல் ஒரு தகடும் பெயிண்டுக்குப் போகாது. கழுவி வந்த தகட்டை நிறுத்தி வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சுவேன். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி அரை நிமிடம் நின்றால் தகடு சுத்தம். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவேன். தேறிய தகட்டைக் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் ஒரு முறை தடவியும் பார்ப்பேன். தொடக்கூடாது என்பதுதான் விதி. விதி எழுதினவனுக்கு என் விரலைப் பற்றித் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு திமிர்.

பெயிண்டர் அண்ணனுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். தகடு திரும்பிப் போகும்போதெல்லாம், "தண்ணியம்மா மனசு வெச்சாதான் இன்னைக்கு நமக்கு வேலை" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்குப் பதில் கொடுப்பேன்.

அந்த வாரம் பெயிண்டில் குழி விழ ஆரம்பித்தது. அடித்த ஈரம் காய்வதற்குள் பெயிண்ட் அங்கங்கே விலகிக்கொண்டு, நடுவில் தகடு பளிச்சென்று தெரியும். நாற்பது கதவுகள் வீணாயின. ஐந்தாம் நாள் ஷிப்ட் முடிந்து கிளம்பும் நேரத்தில் மேனேஜர் வந்து எங்கள் பிரிவின் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாரோ சிலிக்கான் கலந்த கிரீமோ ஸ்ப்ரேயோ உள்ள கொண்டு வந்திருக்கீங்க. அது பட்ட இடத்துல பெயிண்ட் ஒட்டாதுன்னு போர்டே வெச்சிருக்கு. யாருன்னு தெரியாம ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. தெரிஞ்சா அந்த ஆளுக்கு நாளைக்கு இங்க வேலை இல்ல."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஆளுக்கொரு கண்ணாடித் துண்டுல கைய அழுத்தி வைக்கச் சொல்லுங்க சார். அப்புறம் சோப்புத் தண்ணியில அலசுவோம். சாதாரணக் கைப்பசை போயிடும், சிலிக்கான் போகாது. மேல தண்ணி அடிச்சா அந்த இடத்துல மட்டும் ஒட்டாது" என்றேன். மேனேஜர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். சோதிக்கிறவள் நான் என்பதால் என் கையை யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பத்துப் பேர் வைத்தார்கள். பத்துக் கண்ணாடியிலும் தண்ணீர் அழகாகப் பரவியது. பதினோராவதாகப் பெயிண்டர் அண்ணன். அதற்குள் என் கையுறை கிழிந்துவிட்டது. கழற்றி எறிந்துவிட்டு அவருக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். வைத்தார், அலசினேன், தண்ணீர் அடித்தேன். உள்ளங்கை பட்ட நடுப்பகுதி முழுக்கப் படலம் நின்றது. ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குத் தண்ணீர் விலகித் திரண்டது.

அந்த ஓரத்தைப் பிடித்துத்தான் நான் நீட்டியிருந்தேன்.

நாளெல்லாம் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களுக்கு டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்து நாளாகத் தூங்கப் போகும்போது தடவிக்கொள்கிறேன். கிரீம் என்றால் முகத்துக்குப் போடுவது, இது மருந்து, மருந்தில் சிலிக்கான் இருக்கும் என்று யார் சந்தேகப்படுவார் என்று இருந்துவிட்டேன். தேறிய தகடுகளை எல்லாம் தடவித் தடவி நானேதான் கெடுத்திருக்கிறேன்.

"நான் எதையும் தடவுறதில்ல சார். இன்னொரு தடவ பாருங்க" என்றார் பெயிண்டர் அண்ணன். குரலில் கிண்டல் சுத்தமாக இல்லை.

"குடும்மா இன்னொண்ணு" என்றார் மேனேஜர்.

கையுறைப் பெட்டி மேசையிலேயே இருந்தது. புது ஜோடி போட்டுக்கொண்டு கொடுத்தால் அவர் கண்ணாடி தேறிவிடும். பிறகு மிச்சம் இருப்பது என் கை ஒன்றுதான். நாங்கள் இருப்பது கம்பெனி கொடுத்த வீடு. இடுப்பு உடைந்த கணவர் மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார். பிள்ளைகள் இரண்டும் பள்ளியில் படிக்கிறார்கள். வேலை போனால் கட்டிலோடு அவரை எந்தத் தெருவில் இறக்கிவைப்பேன்? பத்துப் பேரும் எப்போது கதவு திறக்கும் என்று என் கையையே பார்த்தார்கள்.

இரண்டாவது கண்ணாடியையும் வெறுங்கையால்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதே ஓரத்தில் தண்ணீர் விலகியது. பெயிண்டர் அண்ணன் குனிந்து பார்த்தார். தன் கட்டை விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மேனேஜர் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் களிம்பைச் சாக்கடையில் போட்டேன். தகட்டைத் தடவுவதையும் விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து ஒரு குழி இல்லை. "பார்த்தியா, ஆள் போனதும் எல்லாம் சரியாயிடுச்சு. கெட்டிக்காரிம்மா நீ" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, அலமாரியில் விட்டுப்போன முகமூடியையும் செருப்பையும் எடுத்துப்போகப் பெயிண்டர் அண்ணன் வந்தார். வேறெங்கும் வேலை அமையவில்லை என்று வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வாசலில் வழிமறித்து நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு..."

"அந்தத் தடம் என் வெரல்ல பாதிகூட இல்லம்மா."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"அத்தன பேரு முன்னால உன்னை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது? உன் வீட்டு நெலம எனக்குத் தெரியாதா?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மறுநாள் நீயே போய்ச் சொல்லிடுவேன்னு நெனச்சேன். தெனமும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தேன்."