அம்மா தொட்ட கப்பு

“தேங்கா நாரை இங்கன கொண்டாங்கடி. கையில ஏறினது போகவே மாட்டேங்குது.”

சேலைத் தடுப்புக்குள் இருளம்மாள் செத்துக் கிடந்த தங்கையின் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குச் சீயக்காய் வைக்க மகனைக் கூப்பிட்டிருந்தார்கள். குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்த ஈர வேட்டியோடு புகழேந்தி குனிந்து வைத்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது. கையைத்தான் பார்க்க முடியவில்லை.

அம்மா சுப்புத்தாய்க்கு இருபது வருடமாக நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அலுமினியப் பவுடர் கைரேகைக்குள் ஏறிக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் அந்த ஈய நிறம் அசையாது. அந்தக் கையால் உழைத்துத்தான் மகனைச் செராமிக் டிப்ளமோ படிக்க வைத்தாள். நேற்று மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் புகழேந்தி சின்னதாக ஒரு சூளை போட்டிருந்தான். தீபாவளிக்கு ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கவென்று ஒரு பட்டாசு முதலாளி நீலக் காபிக் கப்பு இருநூறு கேட்டிருந்தார். அவனுக்கு அதுதான் முதல் ஆர்டர். வெள்ளை மண்ணில் கையால் வனைந்து, ஒரு தடவை சுட்டு, கண்ணாடிப் பூச்சில் முக்கி, மறுபடியும் சுட வேண்டும். முதல் சூளையைத் திறந்தால் அத்தனையும் சொட்டை. பூச்சு அங்கங்கே சுருண்டு விலகி, மண் பல்லிளித்தது.

அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பூச்சு ஒட்டாது என்று படித்திருந்தான். பூச்சுக்கு முன்னால் கப்புகளைத் துடைத்து அடுக்கிக் கொடுத்தது அம்மா. வேறென்ன வேண்டும் அவனுக்கு?

“ஒன் வெடிமருந்துக் கைய வச்சுக்கிட்டு இத எதுக்கும்மா தொட்டே? அம்புட்டும் நாசமாப் போச்சு!”

அவள் மறுநாளிலிருந்து இரண்டு கையிலும் பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டாள். அவனுக்குக் காபி கொடுக்கும்போதும் கழற்றவில்லை.

அவள் நிழல்கூடப் படாத இரண்டாவது சூளையிலும் அதே சொட்டை. அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் உடைத்துக் குழியில் போட்டு மூடினான். அப்புறம்தான், பூச்சில் முக்கிக் காய வைத்திருந்த ஒரு கப்பை வெயிலில் பிடித்துப் பார்த்தான். பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்பு. நிறம் நன்றாக ஏறட்டும் என்று அவன்தான் பூச்சைக் கூழாகக் கரைத்திருந்தான். காயும்போது வெடித்தது, சூட்டில் சுருண்டுகொண்டது. தண்ணீர் விட்டு இளக்கினான். மூன்றாவது சூளை பழுதில்லாமல் வந்தது.

அம்மா கொட்டகை வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பு.

“நான் தொடாம இருந்தது நல்லதாப் போச்சு, என்னலே?”

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. “ஆமாம்மா” என்றான் பாவி. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எட்டு நாளை ஓட்டினான்.

நார் வந்தது. இருளம்மாள் அதைத் தண்ணீரில் நனைத்தாள்.

“இந்தக் கைக்கு அவ பட்ட கூச்சம் எனக்குல்ல தெரியும். எம்புள்ள பொழப்பக் கெடுக்க இருந்தேனே அக்கான்னு அழுதா. போறப்பவாவது சுத்தமாப் போகட்டும்.”

“தேய்க்காதீக பெரியம்மா.”

“ஏன்லே?”

“தப்பு அம்மா கையில இல்ல. நான்தான் பூச்சக் கெட்டியாக் கரைச்சுட்டேன்.”

“அவகிட்டச் சொன்னியா?”

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். இருளம்மாள் திட்டவில்லை. நாரைக் கீழே போட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

புகழேந்தி கொட்டகைக்கு ஓடினான். பூச்சுப் போடாத வெள்ளைக் கப்பு ஒன்றை எடுத்து வந்து அம்மாவின் கைப்பக்கம் நீட்டினான்.

“நேரமாகுதுல்ல, என்னலே இது?” என்று வெளியே யாரோ அதட்டினார்கள். இருளம்மாள் தங்கையின் கையை முந்தானையால் துடைத்தாள். விறைத்த விரல்களை நீவி நீவி, கப்பைச் சுற்றி அவளே வைத்து அழுத்தினாள். எடுத்தபோது, தேய்த்ததில் இளகியிருந்த பவுடரோடு ஐந்து விரலும் சாம்பல் நிறத்தில் பதிந்திருந்தன.

பதினாறாம் நாள் கழிந்து, அந்தக் கப்பைப் பூச்சில் முக்கிச் சுட்டுச் சூளையைத் திறந்தான். அதை வெயிலுக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் பட்ட இடமெல்லாம் நீலம் மூடியிருந்தது. ஒரு சொட்டை இல்லை.

உள்ளே போய்க் காபி போட்டு அதில் ஊற்றினான். அடுப்படியில் அவள் உட்கார்ந்த இடத்தில் வைத்துவிட்டு, அது ஆறும்வரை நின்றுகொண்டிருந்தான்.