பல் செட்டும் பஸ் ஸ்டாண்டும்

எங்கள் வீட்டில் 'செட்' என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்திவிடலாம். அம்மாவுக்கு டம்ளர் என்றால் செட்டாக வேண்டும். தம்பி அலாரம் செட் பண்ணிவிட்டுத்தான் படுப்பான், எழுந்திருக்க மட்டும் மாட்டான். எந்த வேலைக்குப் போனாலும் நாலாம் நாள் "எனக்கு செட் ஆகலை" என்று வந்து நிற்பான். எனக்கு எப்போது மாப்பிள்ளை செட் ஆகும் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.

நானோ பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவை ஊற்றி, அது இறுகி செட் ஆனபின் மெழுகில் பல் அடுக்குவேன். பதினோரு வருஷமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றல் அப்பா விஷயத்தில் மண்ணைக் கவ்வியது.

அப்பா பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவர். ஈறு நோயில் மேல்வரிசைப் பல் முழுக்கப் போய், மூன்று மாதமாக லீவு. "திங்கட்கிழமை வந்து பேசிக் காட்டுங்க. தெளிவா இல்லைன்னா ரெக்கார்டிங் போட்டுக்கறோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் ஊரையே வண்டி ஏற்றிவிட்ட மனுஷன், இப்போது தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கையைக் காட்டுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

வியாழக்கிழமை செட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். வரிசை பிசகாத பல், நான் செய்ததிலேயே உசத்தி. அப்பா மாட்டிக்கொண்டு, "பஸ்..." என்றார். விசில் பறந்தது.

"அப்பா, கண்டக்டர் வேலைக்குப் போயிடலாம்!" என்றான் தம்பி. அவன் மண்டையில் ஒன்று போட்டேன்.

அப்பா செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டார். "எனக்கு செட் ஆகலைம்மா. விட்டுடு."

தம்பி சொன்னபோதெல்லாம் சிரித்த நான், அதையே அப்பா சொன்னதும் செட்டை டம்ளரோடு எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க இங்கே ராவி, அங்கே தேய்த்துப் பார்த்தேன். விசில் போனபாடில்லை. சனிக்கிழமை அம்மா, அப்பாவின் யூனிஃபார்மை இஸ்திரி போட எடுத்தபோது பையிலிருந்து அடையாள அட்டை விழுந்தது. போட்டோவில் அப்பா பல் தெரிய நிற்கிறார். முன்பல் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழைகிற சந்து.

அடிப்பாவி! பிறந்ததிலிருந்து பார்த்த முகம். சந்தைக் கண்டால் அடைத்தே பழகிய கை, அப்பாவின் வாய் என்றுகூடப் பார்க்காமல் அடைத்துவிட்டிருக்கிறது. அவர் நாக்கு முப்பது வருஷம் அந்தச் சந்தை நம்பித்தான் மைக்கில் பேசியது.

மறுநாள் லீவு என்பதால், நான் வேலை பார்க்கும் லேபின் சாவி கேட்டுப் போனேன். "சந்து வெச்சு யாராவது செட் பண்ணுவாங்களா? உனக்கென்ன கிறுக்கா?" என்றார் முதலாளியம்மா.

"எங்கப்பாவுக்கு வேணும்க்கா."

அவர் முறைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமைல மாவை அவசரப்படுத்தி உடைச்சு வெக்காதே" என்று சாவியை நீட்டினார். நான் அவசரப்படுத்தவில்லை. சுவரில் சாய்ந்து, மாவு செட் ஆகும்வரை நகத்தைக் கடித்தேன்.

திங்கட்கிழமை காலை அப்பா கண்ணாடி முன் நின்று புதுச் செட்டை மாட்டினார். நாக்கு மெல்லப் போய் முன்பல்லைத் தடவியது.

"வந்துட்டியாடா?" என்று சந்தைப் பார்த்துக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னாலேயே போய் ஐந்தாவது பிளாட்பாரத்தில் நின்றேன். யாரோ மைக்கை இரண்டு தடவை தட்டுவது ஒலிபெருக்கியில் கேட்டது.

"பயணிகள் கவனத்திற்கு. ஐந்தாவது பிளாட்பாரத்தில் நிற்கும் பஸ் இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்."

ஒரு பிசிறு இல்லை. பக்கத்தில் கூடையோடு நின்ற பூக்காரப் பாட்டி, "அட, நம்ம பழைய ஆளு வந்துட்டாரு!" என்றார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மைக் மறுபடி கரகரத்தது.

"ஐந்தாவது பிளாட்பாரத்துல அழுதுக்கிட்டு நிக்கிற பொண்ணு, வேலைக்கு லேட்டாகுதும்மா. பஸ்ஸுல ஏறு."