மாற்றுப்புடவை

மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தேழு, துலா மாதத்தில், கரமனை அக்ரகாரத்து ஸ்ரீகண்டய்யரின் ஐந்து வயது மகன் பிச்சுமணி நனைத்த பாயில் அயிரை மீன்கள் கிடந்தன. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன்கள், உயிரோடு துள்ளின. பையன் ஒரு வருஷமாகவே பாயை நனைத்துக்கொண்டிருந்தான், அதனால் ஈரம் யாருக்கும் புதிதில்லை. மூத்திரத்தில் மீன் எப்படி வரும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பிராமண வீட்டுக்குள் மீன் எப்படி வரலாம் என்றுதான் கேட்டார்கள். ஸ்ரீகண்டய்யர் கோட்டைக்குள் பிராமணர்களுக்குச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரையில் சாதம் வடிப்பவர். அவர் வீட்டில் மீன் என்ற பேச்சு தெருமுனையைத் தாண்டினால் அந்த அடுப்பை அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

பையனின் அம்மா சுப்புலக்ஷ்மி முந்தின வருஷம் பிறந்த வீட்டுக்குப் போன இடத்தில், கல்லிடைக்குறிச்சியில், காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்துவிட்டு ஸ்ரீகண்டய்யர் பையனோடு திரும்பி வந்தார். வந்த வாரமே பாய் நனைய ஆரம்பித்தது. வருஷம் திரும்புவதற்குள் அதே கல்லிடைக்குறிச்சியிலிருந்து விஜயம் என்ற பதினாறு வயதுப் பெண்ணை அவருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்தார்கள். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டில் இன்னொரு கல்யாணம் என்பது வழக்கம். அவசரத்தில் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கிய விஜயத்திடம் சுப்புலக்ஷ்மியின் புடவைப் பெட்டிச் சாவியை ஸ்ரீகண்டய்யரின் அக்கா தர்மாம்பாள் கொடுத்தாள். பிறந்த வீட்டிலிருந்து வந்தவை இரண்டே புடவைகள்தான், ஆகவே விஜயம் செத்தவளின் புடவைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ளத் தொடங்கினாள்.

தர்மாம்பாள் சிறு வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள், வீடு அவள் கையில் இருந்தது. கெட்டவள் என்று அவளைச் சொல்ல முடியாது, தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பொழுது சாய்ந்தால் பையனுக்குத் தண்ணீர் கிடையாது. எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டையைத் தினமும் தின்ன வைத்தாள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு அவள் உடைத்த சிதறுகாய்க்குக் கணக்கில்லை. அங்கே தேங்காய் விற்பவர்கள் அவள் தலை தெரிந்தாலே பெரிய காயாக எடுத்து வைத்தார்கள். மலையாளத்து வைத்தியர் ஒருவர் பையனின் நாக்கைப் பார்த்துவிட்டு, "சாரமில்ல, தானே மாறிக்கோளும்" என்றார், பரவாயில்லை, தானாகவே சரியாகிவிடுமாம். மருந்து தராதவன் என்ன வைத்தியன் என்று அவள் வேறொருவரிடம் போய்க் கசப்பான கஷாயம் வாங்கி வந்தாள். எதற்கும் பாய் காயவில்லை.

காலையில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். தர்மாம்பாள் குளித்து, தீட்டுப் படாமல் மடியாக இருப்பாள், மூக்கைப் பொத்திக்கொண்டு மூங்கில் கழியால் பாயை இழுத்துப் போடுவாள். பையன் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, சுவரில் படாமல், கிணற்றடிக்குத் தானே நடப்பான். தூர நின்று அவன் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுவாள். மற்றப் பிள்ளைகள் அரிச்சுவடி படிக்கிற வயதில் அவன் இதைப் படித்துத் தேறியிருந்தான். ஊட்டுப்புரைக்குக் குளித்துவிட்டுப் புறப்படும் அப்பாவும் அவனைத் தொடுவதில்லை. ஆக, ஒரு வருஷம் முழுவதும் குளிப்பதற்கு முன்னால் அந்தக் குழந்தையை ஒரு கையும் தொடவில்லை. சொல்லும்போதே கோபம் வருகிறது. ஆனால் அந்தத் தெருவில் அன்று எந்த வீடும் வேறு மாதிரி நடந்திருக்காது.

மீனைப் பார்த்த அன்று தர்மாம்பாள் ஒரு முடிவுக்கு வந்தாள். "இனிமே பொறுக்க முடியாது, கேட்டியா. வெள்ளிக்கிழமை கரண்டிக் காம்பைக் காய்ச்சித் தொப்புளுக்குக் கீழே ஒரு சூடு போட்டுடறேன். எங்க பெரியப்பா பிள்ளைக்கு அப்படித்தான் நின்னுது" என்று தம்பியிடம் சொன்னாள். ஸ்ரீகண்டய்யர் குடையை எடுத்துக்கொண்டு ஊட்டுப்புரைக்குப் புறப்பட்டார். விஜயம் மீன்களைக் குடத்து நீரில் அள்ளி, குளிக்கப் போகிறவளைப் போலக் கரமனை ஆற்றுக்குக் கொண்டுபோய் விட்டாள். மறுநாளும் மீன் இருந்தது, மறுநாளும் கொண்டுபோனாள். பாயில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரமனை ஆற்று மணல் கருப்பு, பருவெட்டு. இது பொடி மணல், மஞ்சள் நிறம், அவள் பிறந்ததிலிருந்து காலில் ஒட்டிய தாமிரபரணி மணல். வாழ வந்து ஆறு மாதம்கூட ஆகாத நாட்டுப்பெண் சொன்னால் யார் கேட்பார்கள்? அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பாய் நனைந்திருந்தது. அடுப்பில் இரும்புக் கரண்டியின் காம்பு சிவந்துகொண்டிருந்தது. பையனுக்கு விஷயம் தெரியும், கிணற்றடியில் போய் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். அழக்கூட இல்லை. அதைத்தான் விஜயத்தால் பார்க்க முடியவில்லை. குளித்து மடியாக இருந்தவள் ஓடிப்போய் அவனை வாரித் தூக்கினாள்.

"தொடாதே சித்தி. நான் இன்னும் குளிக்கலை" என்றான் பிச்சுமணி. இடுப்பில் கால்களை வளைத்து உட்காரத் தெரியாமல், கால் இரண்டும் நேராகத் தொங்கின.

அவன் கோமணம் காய்ந்து மொடமொடவென்றிருந்தது. முதுகில் ஒரு பக்கம் மட்டும் ஈரம்.

"அக்கா, தொட்டுப் பாருங்கோ. கொழந்தை நனைக்கவே இல்லை."

"நான் மடியா இருக்கேன்" என்றாள் தர்மாம்பாள். கரண்டியைப் பிடிக்கத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, நீங்களாவது தொடுங்கோ."

ஸ்ரீகண்டய்யர் புறப்பட்டு நின்றிருந்தார். தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும், குளித்தால் தாமதமாகும், ஊட்டுப்புரை உலை யாருக்காகவும் காத்திருக்காது. அவர் அடுப்பில் சிவந்த காம்பைப் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து மகனின் கோமணத்தைத் தொட்டார், வயிற்றைத் தொட்டார், தலையைத் தொட்டார், கையை எடுக்காமல் வாய்விட்டு அழுதார். அக்காவின் எதிரில் அவர் அழுதது அதுவே முதல் தடவை. "அப்போ ஈரம் யாரோடதுடா?" என்று கேட்டார்.

"அம்மாவோடது" என்றான் பையன். அதுவரை அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. "ஆத்தங்கரையிலேர்ந்து நேரா வந்து பக்கத்துல படுத்துக்கறா. மாத்திக்கப் புடவை இல்லையாம்."

விஜயம் குனிந்து தன்மேல் இருந்த புடவையைப் பார்த்தாள். தர்மாம்பாள் கையில் சுற்றிய துணியை அவிழ்த்தாள். கரண்டி அடுப்பிலேயே கிடந்து ஆறியது.

அன்று பெட்டியிலிருந்ததில் தனக்கு மிகப் பிடித்த கத்தரிப்பூ நிறப் புடவையை விஜயம் நனைத்து, யார் கையும் படாமல் உலர்த்தி, பையனின் பாயருகில் ஒரு மணையில் மடித்து வைத்தாள். கொடுக்கும்போது மனசு வலித்தது, வெட்கமாகவும் இருந்தது. காலையில் பாய் காய்ந்திருந்தது. மீன் இல்லை. கத்தரிப்பூப் புடவையும் இல்லை. மூலையில் முறுக்கிப் பிழிந்த சிவப்புப் புடவை ஒன்று இருந்தது. ஸ்ரீகண்டய்யருக்கு அது தெரிந்த புடவை. அம்பாசமுத்திரத்தில் அவரே வாங்கிச் சுப்புலக்ஷ்மிக்குப் போர்த்தியது, அவர் கண்முன்னே அவளோடு எரிந்தது. கருகல் வாடைகூட அதில் இல்லை.

"நான் கட்டிண்டதுல அம்மாக்குக் கோபமாடா?" என்று விஜயம் பையனை ரகசியமாகக் கேட்டாள்.

"தெரியலை. நான் தூங்கிட்டேன்" என்றான்.

அதன் பிறகு ஒன்று மாற்றி ஒன்றாக அந்த இரண்டு புடவைகளும் வந்துபோயின. செத்தவள் உடுத்திய புடவையை மடிக்கொடியில் உலர்த்தலாமா என்று தெருவில் கேள்வி வந்தது. சாஸ்திரிகள் இரண்டு நாள் ஏடுகளைப் புரட்டிவிட்டு, கூடாது என்று எங்கும் சொல்லவில்லை என்றார். தர்மாம்பாளே கழியால் எடுத்துக் கொடியில் போட்டாள். நைந்துபோனால் விஜயம் சாலைக் கடைத்தெருவில் வேறு வாங்கி வைத்தாள். பையன் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தான், ஊருக்கு ரயில் வந்தது, தர்மாம்பாள் காலமானாள், பிச்சுமணி சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா ஆகிச் சாவித்ரியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். மாமியாரின் புடவையை மணையில் வைக்கும் முறையைச் சாவித்ரி, பால் உறை ஊற்றுவதைப் போல, வந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டாள். விஜயத்துக்குக் குழந்தை பிறக்கவில்லை. பிச்சுமணி அவளைக் கடைசிவரை சித்தி என்றுதான் கூப்பிட்டான். அதில் அவளுக்கு ஒரு குறை உண்டு, சொன்னதில்லை.

ஆயிரத்து நூற்றுப் பதினாறில் விஜயம் விஷக்காய்ச்சலில் போனாள். சாம்பலைக் கரமனை ஆற்றில் கரைத்தார்கள். காரியங்கள் முடிந்த மறுநாள் காலை, சாவித்ரி பாயைச் சுருட்டப் போனவள் தயங்கி நின்றாள். முப்பத்துநாலு வயதுக் கணவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பாய் நனைஞ்சிருக்கு. அம்மா புடவை மாத்திண்டிருக்காளே, பின்னே எப்படி?"

பிச்சுமணி குனிந்து பார்த்தான். ஈரம் மறுபக்கத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்தான். விரலில் கருப்பு மணல் ஒட்டியது, பருவெட்டு. அப்படியே பாயில் உட்கார்ந்துகொண்டான். "அம்மாக்குப் புடவை வெக்கலையே நாம" என்றான்.

"வெச்சேனே."

"இந்த அம்மாக்கு" என்றான் பிச்சுமணி, ஈரத்தின் மேலிருந்து கையை எடுக்காமல்.

சாவித்ரி போய்ப் பெட்டியைத் திறந்தாள். அன்று முதல் இரண்டு மணைகள் வைத்தார்கள். கொடி போதவில்லை என்று மறு வாரம் ஸ்ரீகண்டய்யர் மூங்கில் வாங்கி வந்து இன்னொன்று கட்டினார்.